கிட்டங்கி: பழைய படமொன்றின் பின்புறத்தில் இருந்த சொல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே, பழைய நிழற்படங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றில் பாதி மனிதர்களின் படங்கள்; மீதி, அந்த மனிதர்கள் பிழைக்கப் போன ஊர்களின் படங்கள். ரங்கூன் ஆற்றங்கரை, பினாங்குத் துறை, கொழும்புத் துறைமுகம், தனுஷ்கோடியில் கப்பலை ஒட்டி வந்து நிற்கும் ரயில் எனப் பல ஊர்களை அங்கே நின்றபடியே பார்த்துவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே வாங்கிய ஒரு படத்தின் பின்புறத்தில், பழுப்பேறிய மையில், ‘ரெங்கோன் கிட்டங்கி, விபவ வருஷம் தை மாதம்’ என்று எழுதியிருந்தது. விபவ வருஷத் தை என்றால் 1929ஆம் ஆண்டின் தொடக்கம்.

படத்தில் இருப்பது தெருவைப் பார்த்த ஒரு மாடிக் கட்டடம். கீழே வளைவுத் தூண்கள் தாங்கிய நடை. மேலே மரச்சட்டம் அடித்த நீளச் சன்னல்கள். வாசலில் வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக ஏழு பேர் நிற்கிறார்கள். திறந்திருக்கும் கதவுகளின் வழியே, உள்ளே தரையில் வரிசையாக வைத்த தாழ்வான மேசைப் பெட்டிகள் தெரிகின்றன. ஓரத்தில் நிற்கும் சிறுவன் மட்டும், படம் எடுக்கும் நொடியில் அசைந்துவிட்டான் போலும். அவனுடைய முகம் கலைந்து பதிந்திருக்கிறது.

இந்தப் படத்தை ஊர்ப் படங்களின் கண்காட்சி ஒன்றுக்கு இரவல் கொடுத்தேன். அங்கே இதன் அடியில் ‘ரங்கூன் துறைமுகச் சரக்குக் குடோன்’ என்று அச்சிட்டு வைத்திருந்தார்கள். எழுதியவர் படித்த இளைஞர். ‘கிட்டங்கி’ என்பதை வழக்கொழிந்த சொல்லாகக் கருதி, எல்லோருக்கும் புரியட்டும் என்று மாற்றியிருக்கிறார். அவருடைய நோக்கம் நல்லது. ஆனால் அந்த ஒரு சொல்லை மாற்றியதில் படமே வேறு படமாகிவிட்டது. அந்த வீட்டில் மூட்டைகள் அடுக்கப்படவில்லை, கொடுக்கல் வாங்கல் தொழில் செய்த செட்டிநாட்டு மனிதர்கள் வாழ்ந்தார்கள். இந்தச் சொல்லைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். ‘கிட’ என்பது வினையடி. ஓரிடத்தில் அசையாமல் இருப்பது கிடத்தல். இதிலிருந்து பிறந்த சொற்களை நாம் நாள்தோறும் புழங்குகிறோம்: அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை இரவில் மடக்கி வைப்பது கிடை; படுக்குமிடம் கிடக்கை; ஒரு வேலையைத் தொடாமல் விட்டுவிட்டால் அது கிடப்பில் போட்டது. இந்தக் குடும்பத்தில் வந்த மற்றொரு சொல்தான் கிடங்கு. அதன் பழைய பொருள் சரக்கு அறை அன்று, அகழி. மதுரைக்காஞ்சி மதுரை நகரின் அகழியை ‘மணிநீர்க் கிடங்கு’ என்கிறது. கோட்டையைச் சுற்றி ஆழமாகத் தோண்டிய பள்ளத்தில் தெளிந்த நீர் கிடப்பதால் அது கிடங்கு. தென்மாவட்டங்களில் கல் உடைத்தெடுத்த பள்ளத்தை இன்றும் கல்கிடங்கு என்பார்கள். மலையாளத்தில் கிடங்ஙு என்றால் இன்றும் பள்ளமும் அகழியுந்தான். நீர் கிடக்கும் பள்ளத்திற்கு இருந்த பெயர் பின்னாளில் பண்டம் கிடக்கும் இடத்திற்கும் ஆகிவந்தது. பொருள் நகர்ந்தாலும் ‘கிட’ என்னும் வேர் இரண்டிலும் அப்படியே நிற்கிறது.

கிட்டங்கி இந்தக் கிடங்கின் உடன்பிறப்பு. டகரம் இரட்டித்து, ஈறு இகரமாகியிருக்கிறது. தெலுங்கில் சரக்கு வைக்கும் இடத்திற்கு இன்றும் உள்ள சொல் இதை ஒத்த ‘கிட்டங்கி’யே (giddangi), அங்கே ககரமும் டகரமும் ga, dda என ஒலிக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. நம் பக்கத்திலும் மதுரை, விருதுநகர், நெல்லைச் சீமை வணிகர்கள் மிளகாய் மூட்டையும் நெல் மூட்டையும் அடுக்கும் இடத்தைக் கிட்டங்கி என்றே சொல்கிறார்கள். ஆகவே இது வழக்கொழிந்த சொல் அன்று.

இனி குடோனைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ என்றும், நம் வாயில் குடோன் என்றும் வழங்கும் இந்தச் சொல்லை ஆங்கிலச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் வழக்குச் சொற்களைத் தொகுத்து 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இதன் வழித்தடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. கீழைக் கடல் துறைமுகங்களில் வழங்கிய ‘கடோங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டனர் என்றும், அந்த மலாய்ச் சொல்லுக்கும் மூலம் தென்னிந்தியாவில் வழங்கும் தெலுங்குக் கிட்டங்கியும் தமிழ்க் கிடங்குமே என்றும், ‘கிட’ என்னும் வினையே அதன் அடி என்றும் அது கூறுகிறது. இந்தியிலும் வங்காளத்திலும் உள்ள ‘கோதாம்’, ‘குதாம்’ ஆகியவற்றை அது ஆங்கில வழக்கிலிருந்து வந்தவையாகவே கருதுகிறது. இந்தோனேசியாவில் இன்று சரக்கு வைக்கும் இடம் ‘குடாங்’. பர்மியரும் அதே ஒலியில் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன சொல், மலாய்க் கரையில் உருமாறி, ஆங்கிலேயரின் கணக்கேட்டில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிக் குடோனாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. வந்த விருந்தாளி நம் வீட்டுப் பிள்ளைதான் என்பது தெரியாமல், அவனுக்காக வீட்டில் இருந்த பிள்ளையை நாம் வெளியே அனுப்பிவிட்டோம்.

இதுவரை சொன்னது எல்லாத் தமிழருக்கும் பொதுவான கதை. செட்டிநாட்டில் இந்தச் சொல் இதற்கு மேலும் ஒரு படி நடந்திருக்கிறது.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதியின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் பயிரிட்ட உழவர்களுக்கு முதலீட்டுப் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் இங்கிருந்து ‘கொண்டுவிக்க’ப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன, நகரத்தார்கள் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ரங்கூனில் அவர்கள் கூடிய இடம் மொகல் தெரு. சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு. அங்கெல்லாம் அவர்கள் தொழில் செய்த கட்டடத்திற்குக் கிட்டங்கி என்று பெயர். தொழில் வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல். மூட்டைச் சரக்கு எதுவும் இல்லை. சரக்கு வைக்கும் இடத்தின் பெயர் இதற்கு எப்படி வந்தது என்பதற்கு நான் காணும் விளக்கம் எளியது. துறைமுகத் தெருக்களில் வாடகைக்குக் கிடைத்த கட்டடங்கள் தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட கூடங்கள். சரக்கு வைப்பதற்கென்று கட்டியவற்றின் அமைப்பு அது. கூடத்தின் பெயர் அதில் குடியேறிய தொழிலுக்கும் ஒட்டிக்கொண்டது.

கூடத்தின் உள்ளே இருந்த ஒழுங்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு கிட்டங்கியில் ஒரு கடை மட்டும் இருக்காது. பல விலாசங்கள் இருக்கும். விலாசம் என்றால் இங்கே முகவரி என்று பொருள் இல்லை; தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த வணிகப் பெயர். ஒவ்வொரு விலாசத்திற்கும் தரையில் இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் என்று ஓரிடம் உண்டு. அந்த இடத்தில் ஒரு பாய், ஒரு மேசைப் பெட்டி, அதன் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி அல்லது அலமாரி. மேலாள் அந்தப் பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். அடுத்தாள் பேரேடு எழுதுவார். பெட்டியடிப் பையன் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். அந்தப் பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டு வந்தவன். மேசைப் பெட்டியின் அடியில் உட்கார்ந்தே தொழில் கற்றுக்கொள்வதால் அவனுக்கு அந்தப் பெயர். இரவானால் கணக்குகளைப் பூட்டிவிட்டு அந்தப் பாயிலேயே படுத்துக்கொள்வார்கள். சமையல் பொதுவில் நடக்கும். பெண்களும் பிள்ளைகளும் ஊரில் வளவு வீட்டில் இருப்பார்கள். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தால்தான் ஏஜெண்டாகப் போனவர் கப்பலேறித் திரும்புவார். மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தவர்களும் இந்தக் கிட்டங்கிக்காரர்களே.

கடை, அலுவலகம், தங்குமிடம், தொழிற்பள்ளி ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் அடக்கிச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல் கிட்டங்கிதான். இதற்கு ஈடாக வேறொன்றைத் தேடி நான் அலைந்து பார்த்தேன். ‘வட்டிக்கடை’ என்றால் தங்குமிடம் விடுபடுகிறது. ‘விடுதி’ என்றால் தொழில் விடுபடுகிறது. ‘வணிகக் கூடம்’ கருத்தளவில் நெருங்கி வந்தாலும், கிட்டங்கியில் வளர்ந்த எவரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்புறத்தில் எழுதியவர் எழுதிய சொல்லே நேர்ச்சொல். அதற்கு வேறு தமிழ் வேண்டியதில்லை, ஏனென்றால் அதுவே தமிழ்.

பழைய துறைமுகப் படங்களுக்கு விளக்கம் எழுதுபவர்கள் கிடங்கையும் கிட்டங்கியையும் பிரித்தறிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கண்ணால் பார்த்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம். நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். அந்நாளில் அங்கே கப்பல் கரையை அணையாது. கடலுக்குள் நங்கூரமிட்டு நிற்கும். 1926இல் கட்டிய ‘ரஜுலா’ கப்பல், சென்னையிலும் நாகையிலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம்வரை போய்வந்தது. நாகையில் அதில் ஏறப் படகில்தான் போக வேண்டும். ரயிலோ அந்த ஊருக்கு 1861லேயே வந்துவிட்டது. ரயிலில் வந்த சரக்குப் படகு வரும்வரை எங்கேயாவது கிடக்க வேண்டும் அல்லவா? அப்படித் துறைக்கும் தண்டவாளத்திற்கும் இடையே, சன்னல் குறைந்து, கதவு அகன்று, கூரை நீண்டு, வாசலில் மாட்டுவண்டியும் மூட்டையுமாகப் படத்தில் தெரியும் கட்டடம் கிடங்கு. அதைக் கிடங்கு என்றே எழுதலாம், குடோன் வேண்டாம். ‘சரக்குக் கிடங்கு’ என்று எழுதினால் இன்னும் தெளிவு. பண்டகசாலை என்ற சொல்லும் இதற்குப் பொருந்தக்கூடியதாக இருந்தது. ஆனால் கூட்டுறவுப் பண்டகசாலைகள் வந்தபின் அது பண்டம் விற்கும் இடமாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டதால், படக்குறிப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது.

மாறாக, துறையை விட்டுச் சற்று உள்ளே தள்ளிய தெருவில், தூண் நடையும் மாடியுமாக நெருக்கி வரிசைபிடித்து நிற்கும் கட்டடங்களின் வாசலில் வேட்டி கட்டியவர்கள் நின்றால், அங்கே கிட்டங்கி இருக்கக்கூடும் என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் பழைய படங்களில் இந்த அமைப்பு நன்றாகத் தெரியும். அந்தக் கட்டடங்கள் 1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்பில் போய்விட்டன. ரங்கூன் கிட்டங்கிகள் அதற்கும் முன்பே வெறுமையாயின: 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபின், பேரேடுகளை அள்ளிக்கொண்டு கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் கால்நடையாகவும் புறப்பட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. ஆகவே இந்தப் பெயர் ஒட்டிய கட்டடங்களில் பலவற்றை இன்று படத்தில்தான் பார்க்க முடியும். படத்தின் அடியில் எழுதும் சொல்லும் தவறினால், பார்க்கிறவருக்கு அங்கே என்ன இருந்தது என்பது தெரியாமலே போகும்.

எழுத்துமுறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கடிதங்களிலும் கணக்குகளிலும் ஊர்ப்பெயர்கள் ‘ரெங்கோன்’, ‘பினாங்’ என்று எழுதியவரின் வாய்க்கேற்ப வரும். பின்புறத்து எழுத்தை அப்படியே படியெடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டு, இன்றைய வழக்கை அதன் பக்கத்தில் எழுதுவதே முறை. தமிழ் வருஷத்தையும் அப்படியே விட்டு, ஆங்கில ஆண்டை அருகில் தரலாம். திருத்துகிறோம் என்று பழைய எழுத்தை அழித்துவிட்டால், அதை எழுதியவர் எந்த ஊர்க்காரர், எந்தக் காலத்தவர் என்பதற்கு இருந்த தடயமும் சேர்ந்து அழிந்துவிடும்.

கண்காட்சி முடிந்து படம் திரும்பி வந்ததும் அந்த இளைஞரை வீட்டுக்கு அழைத்து, பட்டாலையில் உட்காரவைத்து, உருப்பெருக்காடியை அவர் கையில் கொடுத்தேன். மேசைப் பெட்டிகளை அவர் எண்ணினார், ஆறு தெரிந்தன. பிறகு ஓரத்தில் முகம் கலைந்து நிற்கும் சிறுவனைக் காட்டி, இவன் யார் என்று கேட்டார். பெட்டியடிப் பையன் என்றேன். புதிய குறிப்பை அவரே எழுதினார்: ‘ரெங்கோன் கிட்டங்கி, விபவ வருஷம் தை மாதம்.’ ரங்கூனில் நகரத்தார் கிட்டங்கி ஒன்றின் வாசல், 1929. வலது ஓரத்தில் பெட்டியடிப் பையன்.