கடைசி வருட ஃபீஸை முதலில் எடுத்து வையுங்கள்

குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் தொழில். பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் போதும், அடுத்த சில வாரங்களுக்கு என் அறையில் ஒரே கேள்விதான். “மேடம், இவ்வளவு செலவு பண்ணி காலேஜில் சேர்க்கிறது பிரயோசனமா?” கேட்பது பெற்றோர். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆமாம், இல்லை என்று இதற்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. இப்போதெல்லாம் திருப்பி இரண்டு கேள்வி கேட்கிறேன். சேரப்போகும் படிப்பை இவர் முடிப்பாரா? முடிக்கும்வரை உங்கள் கையில் பணம் இருக்குமா?

இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் இளைஞர். முதல்முறை வந்தபோது அவருக்கு 24 வயது. நான்கு வருடப் பொறியியல் படிப்பில் ஐந்தாவது செமஸ்டரோடு நின்றுவிட்டவர். ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கல்விக் கடன் தவணைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே பிரிவில் இன்னொருவர், இவர் வயதுதான், பள்ளிப் படிப்போடு நேராக வேலைக்கு வந்தவர். அவருக்குக் கடன் இல்லை, அனுபவமும் அதிகம். “அவர் எனக்கு சீனியர் மேடம்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் நின்றதற்குக் காரணம் படிப்பு வராததல்ல. அப்பா நோயில் படுத்தார், வீட்டு வருமானம் நின்றது, அந்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியவில்லை, தேர்வு எழுத விடவில்லை. ஆறு மாதம் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டு திரும்பலாம் என்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. மொத்த ஃபீஸில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான் அவரைத் தடுக்கி விழவைத்தது. முதல் வருடம் கையில் பணம் இருந்தபோது விலை கூடிய மடிக்கணினியும் ஹாஸ்டலில் தனி அறையும் எடுத்திருந்தார்கள். அந்தக் காசு இருந்திருந்தால் அந்த செமஸ்டர் தாண்டியிருக்கும்.

பாதிக்கு மேல் படித்தவருக்குப் பாதி டிகிரியின் பலனாவது கிடைக்க வேண்டாமா? கிடைக்காது. பொருளாதார அறிஞர்கள் இதை வெகுகாலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கல்வியை ஒரு முதலீடாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் கேரி பெக்கர்; 1964-இல் வந்த அவரது நூல் இந்தத் துறைக்கே அடித்தளம். படிக்கப் படிக்கத் திறன் கூடுகிறது, திறனுக்கு ஏற்பச் சம்பளம் கூடுகிறது என்பது அந்தப் பார்வை. 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொரு கோணத்தைக் காட்டினார். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு எதிரே இருப்பவரின் திறமை தெரியாது. ஆகவே, கஷ்டப்பட்டுத்தான் பெற முடியும் என்கிற ஏதாவதொரு அடையாளத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். டிகிரி அப்படி ஓர் அடையாளம். பெக்கருக்கு 1992-இலும் ஸ்பென்ஸுக்கு 2001-இலும் நோபல் பரிசு கிடைத்தது. என் அனுபவத்தில் இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் பாதியில் நின்றவருக்கு ஸ்பென்ஸின் உலகம்தான் கதவைச் சாத்துகிறது. படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளம் கொஞ்சம் கூடுகிறது என்றால், பட்டம் கைக்கு வரும் அந்தக் கடைசி வருடத்துக்கு மட்டும் சட்டென்று ஒரு தாவல் தெரிகிறது. இதை ‘ஆட்டுத்தோல் விளைவு’ என்பார்கள். அந்தக் காலத்தில் பட்டத்தை ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்ததால் வந்த பெயர்.

கடன் மட்டும் இப்படி ஓரவஞ்சனை செய்யாது. படித்த வருடம், படிக்காத வருடம் எல்லாவற்றுக்கும் அதற்கு ஒரே வட்டிதான்.

சின்னக் கணக்கு ஒன்று பார்ப்போம். மொத்தக் கடன் 100 என்று வையுங்கள். நான்கு வருடமும் ஆரம்பத்தில் 25, 25-ஆகக் கொடுக்கிறார்கள். கூட்டு வட்டி வருடத்துக்கு 10 சதவீதம். படிப்பு முடியும்போது அது ஏறக்குறைய 128. வேலை தேட ஒரு வருடம் அவகாசம் தந்தால் 140. அதைப் பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் வருடத்துக்குச் சுமார் 23 வீதம் மொத்தம் 228 கட்டியிருப்பீர்கள். படிக்கும் காலத்திலும் அந்த அவகாச வருடத்திலும் வட்டியை மட்டும் வருடா வருடம் கட்டிவந்தால்? கடன் 100-லேயே நிற்கும். பிறகு வருடத் தவணை 16-தான். அந்த ஐந்து வருட வட்டி 35-ஐயும் சேர்த்தால் மொத்தம் 198. லாபம் 30 என்பதைவிட, வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவணை 23-க்குப் பதில் 16 என்பதுதான் பெரிய விஷயம். முதல் சம்பளக்காரருக்கு அந்த வித்தியாசம் மூச்சு விடும் இடம்.

பாதியில் நின்றால் இந்த அவகாசம்கூடப் பெரும்பாலும் போய்விடும். படிப்பு நின்றதும் தவணை ஆரம்பித்துவிடும். கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்காத பக்கத்தில் அது இருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

சரி, ஃபீஸை விட்டுவிட்டு நேரத்துக்கு வருவோம். நான்கு வருடம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய சம்பளமும் படிப்புச் செலவில் சேர்த்திதான். இதை யாரும் தாளில் எழுதுவதில்லை. எழுதினால் பல படிப்புகளில் ஃபீஸைவிட இது பெரிதாக இருக்கும். ஆனால் இதிலும் ஒரு விஷயம் உண்டு. 18 வயதில் சம்பளம் குறைவு, ஆகவே விட்டுக்கொடுப்பதும் குறைவு. படித்ததன் பலனை அனுபவிக்க 40 வருடம் இருக்கிறது. 30 வயதில் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவர் விட்டுக்கொடுக்கும் சம்பளம் அதிகம், மீதி இருக்கும் வருடங்கள் குறைவு.

நான் தப்பாகச் சொன்ன ஆலோசனை ஒன்று உண்டு. கணினி வேலையில் நல்ல கைத்திறன் உள்ள ஒரு பையன். “உனக்கு டிகிரி எதுக்குப்பா, செய்த வேலையைக் காட்டினால் யாரும் எடுத்துக்கொள்வார்கள்” என்றேன். எடுத்துக்கொண்டார்கள்தான். எட்டு வருடம் ஓடியது. மேலாளர் பதவிக்கு விண்ணப்பம் போட்டபோது அந்தப் படிவத்தில் பட்டம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அவரைவிட வேலை தெரியாத ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். 31 வயதில் இரவு உட்கார்ந்து அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கினார். என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன். முதல் வேலை கிடைக்குமா என்று மட்டும் பார்த்தேன், மூன்றாவது வேலையை யோசிக்கவில்லை.

மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை. பட்டம் இல்லாமல் உரிமம் கிடையாது. மற்றவற்றுக்குத்தான் யோசிக்க வேண்டும்.

“பட்டதாரிகள் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்களே?” என்பார்கள். உண்மை. ஆனால் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் கல்லூரிக்கு அதிகம் போகிறார்கள். அவர்கள் போகாவிட்டாலும் ஓரளவு நன்றாகத்தான் இருந்திருப்பார்கள். பேர்பெற்ற கல்லூரிகளுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துச் சேர்ந்தவர்கள், இடம் கிடைத்தும் அவ்வளவு பேர்பெறாத கல்லூரிக்குப் போனவர்கள் என்று இரு தரப்பு. பின்னாளில் இரு தரப்பின் வருமானத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. விதிவிலக்கு ஒன்று இருந்தது: ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே கைகொடுத்தது. வசதியுள்ளவர் பேருக்காகக் கடன் வாங்குவதும், வசதியில்லாதவர் பயந்து நல்ல இடத்தை விடுவதும் நான் அடிக்கடி பார்ப்பது. நடக்க வேண்டியது தலைகீழ்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எத்தனை சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்காதீர்கள். அந்தச் சதவீதத்தின் அடியில் இருக்கும் எண்ணிக்கை என்ன என்று கேளுங்கள். பல இடங்களில் அது வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்யத் தகுதியானவர்களின் எண்ணிக்கை. நடுவில் நின்றவர்களும் தேறாதவர்களும் அதில் இருக்க மாட்டார்கள். நான் கேட்கச் சொல்வது இது: நான்கு வருடத்துக்கு முன் 100 பேர் சேர்ந்தார்கள் என்றால், குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? பதில் சொல்லத் திணறினால் அதுவே ஒரு பதில். அப்புறம், அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்ற விளம்பரத்தை மறந்துவிட்டு, வரிசையில் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

பணம் ஒதுக்குவதில் நான் சொல்வது தலைகீழாகத் தோன்றும். கையில் இருக்கும் சேமிப்பை முதல் வருடத்துக்குப் போடாதீர்கள். கடைசி வருட ஃபீஸை முதலில் தனியாக வையுங்கள், வைப்புநிதியில் போட்டுத் தொடாமல் விடுங்கள். ஒரு செமஸ்டருக்கு ஆகும் தொகையை அவசரத்துக்கென்று இன்னொரு பக்கம் வையுங்கள். மீதியில்தான் கடன் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். இதற்காகக் கடன் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. அந்தக் கூடுதல் வட்டியைக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒதுக்கிவிட்டு மிச்சம் போதாது என்று தெரிந்தால், செலவு குறைந்த கல்லூரியைப் பாருங்கள். பாதியில் நிற்கும் பெரிய கல்லூரியைவிட, முடிக்கக்கூடிய சின்னக் கல்லூரி எவ்வளவோ மேல்.

சில அம்மாக்கள் இதைக் கேட்டதும் “நான் வீட்டுச் செலவையே இப்படித்தான் மேடம் பண்றேன்” என்பார்கள். அவர்களிடம் நான் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை.

அந்தக் கிடங்கு இளைஞர் போன மாதம் திரும்பவும் வந்தார். படித்த செமஸ்டர்களைச் சேர்த்துக்கொண்டு மீதியை முடிக்க எந்தப் பல்கலைக்கழகமாவது ஒத்துக்கொள்ளுமா என்று விசாரிக்கச் சொல்லியிருந்தேன். சேர்ந்து இத்தனை வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று பல இடங்களில் கெடு உண்டு. அவருடைய கெடுவில் இன்னும் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் பாக்கி. மூன்று செமஸ்டர், கூடவே எழுதாமல் விட்ட அந்த ஒன்று. வேலையைப் பாதி நேரமாக்கினால் தவணை எப்படி, கடன் கொடுத்தவர்கள் கெடு நீட்டுவார்களா என்று ஒரு மணி நேரம் கூட்டிக் கழித்தோம். தாளில் இன்னும் ஒரு செமஸ்டருக்குப் பணம் இடிக்கிறது. பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.