அஃப்ளுவென்சா: பணத்திமிருக்கு ஒரு நோய்ப்பெயர்

அஃப்ளுவென்சா என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எவ்வளவு சேர்த்தாலும் போதவில்லை என்று மேலும் மேலும் வாங்கி, அதற்காகக் கடன்பட்டு, ஓய்வில்லாமல் உழைத்து, கடைசியில் எதிலும் நிறைவில்லாமல் தவிப்பது ஒன்று. அளவுக்கு மீறிய வசதியில், கண்டிக்க ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைக்குத் தன் செயலின் விளைவு உறைக்காமல் போவது மற்றொன்று. இன்று செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவது பொருள்தான். அதற்குக் காரணம் 2013இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு.

முதலில் சொல்லின் பிறப்பு. இது இரு சொற்களின் ஒட்டு. செல்வச் செழிப்பைக் குறிக்கும் ‘அஃப்ளுவென்ஸ்’ முன்பாதி, சளிக்காய்ச்சலைக் குறிக்கும் ‘இன்ஃப்ளுவென்சா’ பின்பாதி. இரண்டுக்கும் அடியில் இருப்பது பாய்தல், ஒழுகுதல் என்ற பொருள் கொண்ட ஒரே லத்தீன் வினை. ஒருவரை நோக்கிப் பாய்ந்து வருவது செல்வம். விண்மீன்களிலிருந்து மனிதருக்குள் பாய்வதாக அந்தக் காலத்தில் நம்பப்பட்டது காய்ச்சல். அந்த நம்பிக்கையில் பிறந்த இத்தாலியச் சொல்தான் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து நோயின் பெயராக நிலைத்தது. பணம் பாதாளம் மட்டும் பாயும் என்று நாம் சொல்வதில் இருப்பதும் அதே பாய்ச்சல்தான்.

தொடக்கத்தில் இது நுகர்வு மோகத்தைக் கண்டிக்கிறவர்களின் சொல். 1997இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். இதே பெயரில் ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியபோது பரவலாகத் தெரியவந்தது. அப்போது அது ஒரு சமூகத்தைப் பார்த்துச் சொன்ன விமர்சனம். நோய் என்று சொன்னதும் உருவகமாகத்தான். யாரும் அதைக் காட்டி எதிலிருந்தும் விலக்குக் கேட்கவில்லை.

நீதிமன்றத்துக்குள் போனதும் கதை மாறியது. 2013 ஜூன் 15, இரவு. டெக்சாஸின் டாரன்ட் மாவட்டத்தில், பர்ல்சன் ஊருக்கு அருகே ஒரு கிராமச் சாலை. ஓர் இளம்பெண்ணின் கார் பழுதாகி ஓரத்தில் நிற்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தாயும் மகளும் உதவ வெளியே வருகிறார்கள். அந்த வழியே போன தேவாலய இளைஞர் ஊழியர் ஒருவரும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறார். மணிக்கு 40 மைல் மட்டுமே அனுமதி உள்ள அந்தச் சாலையில், ஏறக்குறைய 70 மைல் வேகத்தில் ஒரு பெரிய பிக்கப் வண்டி வந்து மோதுகிறது. நால்வரும் இறந்துபோனார்கள். ஓட்டி வந்தவனுக்கு வயது 16. அவன் வண்டியில் ஏழு பேர் இருந்தார்கள்; அவர்களில் ஒரு பையன் உடல் செயலிழந்து படுக்கையானான். ஓட்டியவனின் ரத்தத்தில் இருந்த ஆல்கஹால் 0.24 விழுக்காடு. வயது வந்தவருக்கான சட்ட வரம்பு 0.08. அந்த வயதில் அவன் ஒரு துளிகூடக் குடித்துவிட்டு வண்டியைத் தொட்டிருக்கக் கூடாது. குடித்த பீரும் அன்று மாலை கடையிலிருந்து திருடியது.

அரசுத் தரப்பு 20 ஆண்டு கேட்டது. எதிர்த்தரப்பில் சாட்சி சொன்ன உளவியலாளர், பணம் இருந்தால் விதிகள் நமக்கில்லை என்ற எண்ணத்திலேயே பெற்றோர் இவனை வளர்த்துவிட்டார்கள், தப்புக்குத் தண்டனை உண்டு என்பதே இவனுக்குத் தெரியாது என்றார். அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர்தான் அஃப்ளுவென்சா. சிறார் நீதிபதி ஜீன் பாய்ட் டிசம்பரில் அளித்த தண்டனை 10 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை, சிகிச்சை மட்டும். எதிர்த்தரப்பு முன்வைத்தது கலிபோர்னியாவில் உள்ள ஒரு தனியார் மறுவாழ்வு மையம். ஆண்டுக்கு 4,50,000 டாலர் ஆகும், தந்தை கட்டத் தயார் என்றார்கள்.

நீதிபதி இந்தச் சொல்லை ஏற்றுத்தான் தீர்ப்புச் சொன்னார் என்று எழுதுவது சரியல்ல. தீவிரமான சிகிச்சை தேவை, அது அரசு நடத்தும் சிறார் அமைப்பில் கிடைக்காமல் போகலாம் என்பதே அவர் சொன்ன காரணம். சிறார் சட்டத்தின் நோக்கம் திருத்துவது. அந்த வகையில் அவர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் எனக்கு அந்தக் காரணம்தான் அதிகம் உறுத்துகிறது. நல்ல சிகிச்சை காசு கொடுத்தால்தான் கிடைக்கும், காசு இந்தக் குடும்பத்திடம் இருக்கிறது, ஆகவே சிறை வேண்டாம் என்றால், காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது?

2004இல் இதே நீதிபதியின் முன்னால் இன்னொரு 16 வயதுப் பையன் நின்றான். திருடிய வண்டியைக் குடித்துவிட்டு ஓட்டி, 19 வயது இளைஞர் ஒருவரைக் கொன்றிருந்தான். வசதியில்லாத வீட்டுப் பையன். அவனுடைய குழந்தைப் பருவம் துயரமானது என்பதை நீதிபதியே குறிப்பிட்டார். குறிப்பிட்டுவிட்டு 20 ஆண்டு விதித்தார். ஒரு பையனைக் கெடுத்தது செல்லம், இன்னொருவனைக் கெடுத்தது இல்லாமை. வளர்ப்பு ஒருவனுக்குத் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதமானது. மற்றவனுக்கு வெறும் அனுதாப வாக்கியமாக நின்றுவிட்டது.

2013 வழக்கின் பின்கதையையும் சொல்லிவிடலாம். 2015 டிசம்பரில், மது விளையாட்டு நடக்கும் ஒரு விருந்தில் அவன் இருப்பதுபோல ஒரு காணொளி வெளியானது. குடிக்கக் கூடாது என்பது கண்காணிப்பின் நிபந்தனை. அவனும் தாயும் மெக்சிகோவுக்கு ஓடினார்கள். அங்கே புவெர்ட்டோ வயார்ட்டா நகரில் பிடிபட்டார்கள். 2016 ஏப்ரலில் வழக்கு பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாறியது. இறந்த ஒருவருக்கு 180 நாள் வீதம், நால்வருக்குமாக 720 நாள் சிறை. 2018 ஏப்ரலில் வெளியே வந்தான்.

மருத்துவத்தில் அப்படி ஒரு நோயே கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது இல்லை. சாட்சி சொன்ன உளவியலாளரே, அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்க வேண்டாம் என்று பின்னாளில் தொலைக்காட்சியில் சொன்னார். பெற்றோரின் கவனிப்பில்லாத பணக்காரப் பிள்ளைகள் குடிக்கும் போதைக்கும் போவது உண்மைதான், அதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவி வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய் என்று பெயரிட்ட உடனே, செய்தவன் நோயாளியாகிவிடுகிறான். சாலையோரம் நின்றிருந்த நான்கு பேர் பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள்.

செல்வத்தைத் தண்டனைக் கணக்கில் சேர்ப்பதற்கு நேர்மையான வழியும் உண்டு. பின்லாந்தில் 1921 முதலே ‘நாள் அபராதம்’ நடைமுறையில் இருக்கிறது. குற்றத்தின் கடுமைக்கு ஏற்ப நாள்களின் எண்ணிக்கை, வருமானத்துக்கு ஏற்ப ஒரு நாளுக்கான தொகை. குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும் இந்தக் கணக்கில் அபராதம் போடலாம். 2023இல் அந்நாட்டின் ஓலண்ட் தீவுகளில், 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 82இல் போன ஒரு செல்வந்தருக்கு 1,21,000 யூரோ விதித்தார்கள். வலி ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

சரி, தமிழில் என்ன எழுதுவது? ‘செல்வநோய்’ என்பது நேர்ப்பெயர்ப்பு. சுருக்கமாக இருந்தாலும், இல்லாத நோயை உண்டென்று நாமும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் எனக்கு உடன்பாடில்லை. ‘பணக்காய்ச்சல்’ என்றால் பணத்தின்மேல் உள்ள பேராசை என்றே புரிந்துகொள்ளப்படும். நுகர்வு மோகம் என்ற முதற்பொருளுக்கு ‘வளமைக்காய்ச்சல்’ பொருந்தும். உருவகம் என்பதும் வெளிப்படையாகத் தெரிகிறது.

வழக்கு மன்றப் பொருளுக்குத் தமிழில் புதிதாக எதையும் ஆக்கத் தேவையில்லை. செல்வச்செருக்கு என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. பேச்சில் அதையே பணத்திமிர் என்கிறோம், காசு கொழுப்பு என்கிறோம். இவை எதுவுமே நோயைச் சொல்வதில்லை, குற்றத்தைத்தான் சொல்கின்றன. பெற்றோரின் பங்கைச் சொல்ல வேண்டுமானால், ‘செல்லம் கொடுத்துக் கெடுத்தது’ என்ற தொடர் போதும். யார் கெடுத்தார் என்பதையும் அது மறைக்காது. ஆகவே என் பரிந்துரை இது: கட்டுரையாளர் தம் வாக்காக எழுதும்போது செல்வச்செருக்கு. எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துச் சொல்லும்போது மட்டும், மேற்கோள் குறிக்குள் ‘அஃப்ளுவென்சா’ என்று எழுதி, ‘செல்வத்தில் வளர்ந்ததால் பொறுப்புணர்வு இல்லாமல் போனதாகச் சொல்லப்படும் நிலை’ என்று பக்கத்திலேயே விளக்கிவிட வேண்டும். அந்த விளக்கத்தில் ‘சொல்லப்படும்’ என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிடக் கூடாது.