கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல, அம்மா

இந்த மாதத்தில் இது நான்காவது. பன்னிரண்டு வயதுப் பையன். காலரை இறக்கிப் பார்த்தால் பின்கழுத்தில் கருப்புப் பட்டை, அதன்மேல் தோல் உரிந்த கீறல்கள். "பீர்க்கங்காய் நார், எலுமிச்சை, கடலை மாவு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று டாக்டர். ஒழுங்காகக் குளிக்க மாட்டேன் என்கிறான்" என்றார் தாய். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காயம் இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்துக் காட்டினேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

அழுக்காக இருந்தால் பஞ்சில் ஒட்டியிருக்கும். வெயில் என்றால் முகமும் கையும் அல்லவா முதலில் கறுக்க வேண்டும்? செயின் உரசியது என்பார்கள். இவன் செயினே போட்டதில்லை. வெல்வெட் துணிபோலத் தடித்து, அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூட வரும் இந்தக் கருப்பு, எடை கூடிய பிள்ளையிடம் தெரிந்தால் பெரும்பாலும் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்ய முடியாமல் திணறுவதன் அடையாளம். தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். சிவப்பழகு கிரீம் வாங்கும் காசுக்கு ஒரு தையல் டேப் வாங்குங்கள்.

டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் சுற்ற வேண்டும். சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இவன் உயரம் 148 செ.மீ., வயிறு 88.

வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 104, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 182, நல்ல கொழுப்பு 36. "எல்லாமே கொஞ்சம்தானே கூடக்குறைய இருக்கிறது?" என்றார் தந்தை. அந்தக் 'கொஞ்சங்கள்' ஒன்றுசேர்வதற்குத்தான் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2007 வரையறைப்படி, 10 முதல் 16 வயதுக்குள் வயிற்றுச் சுற்றளவு அந்த வயதின் 90ஆம் சதமானத்தை (அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 90 பேரின் அளவைத் தாண்டும் எல்லையை) எட்டியிருந்து, கூடவே நான்கில் இரண்டு இருந்தால் போதும்: டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பு 40க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85ஐ எட்டுவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இவனுக்கு மூன்று. பத்து வயதுக்குக் கீழே இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. ஆனால் வயிறு பெருத்திருந்தால் கண்காணிப்போம்.

(சக மருத்துவர்களுக்கு: ரத்த அழுத்தம் பார்க்கும்போது பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதை வைத்து 'பி.பி. அதிகம்' என்று எழுதி அனுப்பாதீர்கள்.)

'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று சொல்லும் பாட்டிமார்களிடம் நான் தோற்றுக்கொண்டேதான் இருக்கிறேன். என்றாலும் சொல்கிறேன். பாட்டில் குளிர்பானத்தை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பால் டம்ளரில் போடும் சர்க்கரையையும், அதற்கு மேல் கொட்டும் ஊட்டச்சத்துப் பொடியையும் நிறுத்துங்கள். தினமும் ஒரு மணி நேரம் வியர்க்க ஓட விடுங்கள். டியூஷன் அரைமணி தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கும் ஆசிரியர்களே, உங்களுக்கும்தான். பட்டினி போடாதீர்கள். கடையில் மாத்திரை வாங்காதீர்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: சொந்தக்காரர்கள் முன்னால் பிள்ளையை 'குண்டு' என்று கூப்பிடாதீர்கள். தட்டும் நடையும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக மாறட்டும். அந்தத் தந்தையின் வயிற்றையும் அன்றே அளந்தேன். 104 செ.மீ.