வைக்கோலுக்கு என்ன வருத்தம்?

வைக்கோலிலிருந்து எதனோல் என்ற மதுசாரத்தை எடுப்பதைப் பற்றிப் படித்தால் முதல் பத்தியிலேயே 'பிரீட்ரீட்மென்ட்' வந்துவிடும். ட்ரீட்மென்ட்டைப் 'பரிகரிப்பு' என்று எழுதும் வழக்கம் இங்கே இலங்கையில் இருப்பதால் அதை 'முற்பரிகரிப்பு' ஆக்கிவிடுகிறோம். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் பரிகாரம், வைத்தியரைக் குறிக்கும் பரியாரி எல்லாம் அதே குடும்பம். வைக்கோலுக்கு என்ன வருத்தம், வைத்தியம் பார்க்க?

ட்ரீட் என்பதன் இலத்தீன் வேருக்கு இழுத்தல் என்று பொருள். டிராக்டரும் அந்த வேரில் பிறந்ததுதான். இழுத்தல், கையாளுதல், பேணுதல் என்று நகர்ந்து கடைசியில்தான் அது ஆஸ்பத்திரிக்குப் போனது. நாம் கடைசிப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? ஊவா மலைக்குக் கீழே பெல்வத்தையில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிக்கிறார்கள். பாகில் சீனி தயாராக இருக்கிறது. மதுவத்தை, அதாவது ஈஸ்ட்டை, விட்டால் போதும். வெலிமடைப் பக்கத்து வயல் வைக்கோலிலும் சீனி உண்டு. ஆனால் அது செலுலோசாகச் சங்கிலி கோத்துக் கிடக்கிறது. சுற்றிலும் ஹெமிசெலுலோசு, அதோடு பிணைந்து லிக்னின். லிக்னின் என்ற பெயரே மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய மிலாறை முறித்து அடுப்பில் வைத்தவர்களின் கைக்கு அதை நன்றாகத் தெரியும். வைக்கோலில் லிக்னின் அவ்வளவு இல்லை, ஆனாலும் சீனிச் சங்கிலியை வெட்டும் நொதியத்தை, அதாவது என்சைமை, உள்ளே விடாமல் மறிக்க அது போதும்.

அந்த மறிப்பைக் குலைப்பதுதான் இந்த வேலை. நறுக்கிய வைக்கோலை மூடிய கலத்தில் போட்டு 160 முதல் 240 பாகை செல்சியஸ் வரை சூடான நீராவியில் சில நிமிடம் வைத்து, அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிடுவது ஒரு முறை. நாருக்குள் இருந்த நீர் ஒரே நொடியில் ஆவியாகி நாரைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயும். நீர்த்த கந்தக அமிலம் ஹெமிசெலுலோசைக் கரைக்கும். காரம் லிக்னினைக் கழற்றும்.

சூடு குறைந்தால் நொதியம் நுழையாது. கூடினால் சீனியே சிதைந்து ஃபர்ஃபியூரல் போன்ற பொருள்களாக மாறி, பின்னால் வரும் மதுவத்தை முடக்கிவிடும். (ஃபர்ஃபியூரல் என்ற பெயரின் வேருக்குத் தவிடு என்று பொருள். தவிட்டிலிருந்து எடுத்தபோது வைத்த பெயர்.) கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்ற இந்த நிலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பதம். சொல், அடி என்று பொருள்படும் வடமொழிப் பதம் வேறு. பாகுபதம், சோற்றுப்பதம் என்கிறோமே, அது வேறு. மலையாளத்திலும் இது பதம்தான், கன்னடத்தில் ஹத.

தேயிலை இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாட்டம் போதாத கொழுந்து ரோலரில் நசுங்கிச் சாறு ஒழுகும்; அதிகம் காய்ந்தது நொறுங்கும். வாட்டுவது அடுத்த வேலைக்காகத்தான். (அங்கே 'நொதித்தல்' என்று சொல்வது உண்மையில் நொதித்தலே இல்லை, ஒட்சியேற்றம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

'முன்பதப்படுத்தல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் பதப்படுத்தல் என்றதும் டின் மீனும் பழ ஜாமும்தான் கண்முன் வரும். அது கெடாமல் காப்பது. இங்கே மதுவம் தின்பதற்காக அல்லவா தயார் செய்கிறோம்? அதனால் நான் 'பதமாக்கல்' என்றே எழுதுகிறேன். 'முன்' கூடத் தேவையில்லை. பதமாக்குவது எப்போதுமே எதற்கோ முன்னால்தான் நடக்கும். "வைக்கோலை நீராவியில் பதமாக்கி, நொதியம் சேர்த்துச் சீனியாக்கி, மதுவம் விட்டு எதனோல் வடித்தார்கள்." இதில் எந்த இடத்தில் அகராதி வேண்டியிருக்கிறது?