‘நியாயம் ஆளாளுக்கு மாறுமுங்க’ என்று சொல்லும் கட்சிக்காரர்களுக்கு

“நியாயம்கறது ஆளாளுக்கு மாறுமுங்க, வக்கீலம்மா.” ஈரோடு, கோபி, தாராபுரம் என்று எந்தக் கோர்ட் வராந்தாவில் நின்றாலும் இதைச் சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைசியாகச் சொன்னவர் ஒரு அண்ணன், நான் நடத்தும் வழக்கில் எதிர்த் தரப்பு. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, “பட்டா மாத்தறதுக்கு ஒரு கையெழுத்து அம்மிணி” என்று தங்கையைக் காரில் கூட்டிப்போய், சார் பதிவாளர் ஆபீஸில் விடுதலைப் பத்திரத்தில், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கியிருக்கிறார். தங்கைக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். படிக்க நேரம்தான் கொடுக்கவில்லை. (விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீங்கள் நினைக்கிற குடும்பம் இல்லை.)

சமரச மையத்தில் கேட்டபோது அவர் கொஞ்சமும் கூசவில்லை. “எங்க பக்கம் பொட்டப்புள்ளைக்குக் காடு தோட்டம் குடுக்கற வழக்கமில்லீங்க. உங்களுக்கு அது அநியாயம், எங்களுக்கு இது நியாயம்” என்றார். இதே மனிதர் இன்னொரு கோர்ட்டில் பக்கத்துத் தோட்டக்காரர் மீது வழக்கு நடத்துகிறார். முறைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டாராம். “பச்சை அநியாயமுங்க” என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அது நியாயமாகத்தானே பட்டிருக்கும் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, காபிதான் வந்தது.

நியாயம் ஆளாளுக்கு மாறும் என்பதை உண்மையிலேயே நம்புகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தன் கை மேலே இருக்கும்போது மட்டும் சொல்கிறவர்களைத்தான் பார்க்கிறேன். ஒரு அம்மா, பிறந்த வீட்டில் பங்கு கேட்டு என்னிடம் வழக்குப் போட்டிருந்தார். அது நடந்துகொண்டிருக்கும்போதே, நாத்தனாரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று யோசனை கேட்டு வந்தார். “அது வேறங்க” என்றார். என்ன வேறு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சரி, இந்த வாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது, அது உண்மை. அதனால் சரி, தப்பு என்று பொதுவாக எதுவும் இல்லை என்கிறார்கள். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது எப்படி வந்தது? இரண்டு பேர் ஒரே தோட்டத்தை அளந்து இரண்டு கணக்கு சொன்னால், தோட்டத்துக்கு எல்லையே கிடையாது என்று யாராவது கிளம்புவார்களா? சர்வேயரைக் கூப்பிடுவார்கள். ஒருவர் அளந்தது தப்பாக இருக்கும், இரண்டு பேர் அளந்ததும் தப்பாக இருக்கலாம். கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான். ‘ஊர் முழுக்க இப்படித்தான்’ என்பதும் சாட்சி ஆகாது. டீக்கடையில் தனிக் குவளை வைத்ததும் இந்தப் பக்கம் ஊர் வழக்கமாகத்தான் இருந்தது. அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு 1950இல் தீண்டாமையை ஒழித்த பிறகும் நெடுங்காலம் இருந்தது. அந்தக் குவளையில் குடித்தவரிடம் போய், அது அவர்கள் நியாயம் என்று சொல்லிப் பாருங்கள்.

“அப்போ சட்டம் சொல்றதுதான் நியாயமா?” என்று அடுத்த கேள்வி வரும். வக்கீல் என்பதால் நான் ஆமாம் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். இல்லை. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு கொடுத்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்றது. 1988இல் கல்யாணமான அக்காவுக்கு இல்லை, 1990இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. 2005 மத்திய அரசின் திருத்தம்தான் அந்த வேறுபாட்டை நீக்கியது. மகள் பங்கு கேட்க, அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. சட்டம்தான் நியாயம் என்றால் இடைப்பட்ட 16 வருஷம் அக்காவுக்கு நடந்தது நியாயம் ஆகிவிடும். நமக்கு அப்படித் தோன்றவில்லையே. சட்டம் தப்பாக இருந்தது என்று நாம் சொல்கிறோம் என்றால், சட்டத்துக்கும் வெளியே எதையோ வைத்துத்தான் அதை அளக்கிறோம்.

நான் மதிக்கிற எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைச் சொல்வது பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்ட மகன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, ஆயிரம் அடிக்கு போர், தண்ணீர் வராத போர், அந்தக் கடனுக்கு வட்டி எல்லாம் அவர் தலையில். வெளியூர்த் தங்கை விலை ஏறிய பிறகு வருகிறார். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வர வேண்டாமா என்று கேட்கிறார். வேண்டும் என்றுதான் எனக்கும் படுகிறது, பல தங்கைகளுக்கும் படுகிறது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ‘இது என் நியாயம்’ என்று நிறுத்திக்கொள்ளாமல் கணக்கு சொல்கிறார், ரசீது காட்டுகிறார். யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம் என்று நம்பித்தானே சொல்கிறார்? நிலைமைக்குத் தக்கபடி விடை மாறுவது வேறு, விடையே இல்லை என்பது வேறு. இதைப் பிரித்துப் பார்த்தால் என் மேஜைக்கு வரும் கேஸ்கட்டுகளில் பாதி வராது.

‘சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு’ என்பதும் அப்படித்தான். பவுனைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றால் எடுப்போம். கூடவே மகனுக்குக் கட்டிய காலேஜ் ஃபீஸையும், எடுத்துக் கொடுத்த வண்டியையும் எழுதுங்கள். அங்கே மட்டும் பேனா நின்றுவிடுகிறது. அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு, அதாவது கூடப்பிறந்தவளை வைத்துச் செய்யும் சடங்குக்கு, முன்னால் உட்காரத் தங்கை வேண்டும், பாகப்பிரிவினையில் உட்காரக் கூடாதாம்.

அண்ணன் தம்பிகளுக்கு: தங்கையிடம் கேட்கப்போவதை, அவர் வீட்டுக்காரர் முன்னால், பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அப்படிக் கேட்க முடியவில்லை என்றால் காரணம் உங்களுக்கே தெரியும். எத்தனையோ பெண்கள் முழுமனசோடு விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தப் பத்திரங்களையும் நான்தான் எழுதுகிறேன், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பெண்களுக்கு: துக்க வீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரியிலும் வேண்டாம். பத்திரத்தின் தலைப்பைப் படியுங்கள். விடுதலைப் பத்திரம் என்று இருந்தால் பட்டாவுக்கு அல்ல. சார் பதிவாளர் “சம்மதமா?” என்று கேட்கும்போது தலையாட்டாமல் வாயைத் திறந்து பேசுங்கள். அப்பா சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் போன சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கு 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே பங்கு இருக்கிறது. இது தெரியாமலே ஒரு தலைமுறை கையெழுத்துப் போட்டுவிட்டது. ஏமாற்றி எழுதி வாங்கியிருந்தால், விஷயம் தெரிய வந்ததிலிருந்து 3 வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும். ‘பொங்கல் கழியட்டும்’ என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கிறது, 15100க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். வரும்போது வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் எடுத்து வாருங்கள். முடிந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வந்துவிடுங்கள்.