முதலில் தடம், அப்புறம்தான் ஆள்

கைரேகைப் பயிற்சிக்கு வரும் அறிவியல் பட்டதாரி முதலில் பழகுவது ரேகை எடுக்க. விரலில் மை தடவி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டு. கட்டைவிரலை உடம்பை நோக்கி உருட்ட வேண்டும். மற்ற நான்கையும் வெளிப்பக்கமாக. கை முறுக்கு விட்டுத் தளரும் திசை அது. மாற்றி உருட்டினால் மை இழுவிவிடும்.

அடுத்து வகைப்படுத்தல். பத்து விரல்களையும் ஐந்து சோடிகளாக்கி, சுழி (வரிகள் வட்டமாகச் சுழலும் வடிவம்) உள்ள விரல்களுக்கு மட்டும் சோடி வரிசையில் 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுப்பார்கள். சோடிக்கு ஒரு விரலாக இரண்டு கூட்டல்கள் போட்டால், ஒவ்வொன்றிலும் 32 வகை வரும்; ஆக 32 × 32 = 1024 பிரிவுகள் கிடைக்கும். 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிய விரல்ரேகைக் கூடம் இப்படித்தான் தாள்களை அடுக்கியது. முறைக்கு வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர். கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த அஜீசுல் ஹக். இன்று தேடும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

இதெல்லாம் தெளிவாக எடுத்த ரேகைக்குச் சரி. சம்பவ இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் அரை விரலின் தடம், அதுவும் அழுத்தத்தில் நசுங்கியது. காகிதத்தில் இருந்தால் நின்ஹைட்ரின் தெளிப்பார்கள்; வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து ஊதா நிறத்தில் எழும். பிளாஸ்டிக்கில் என்றால் சூப்பர் க்ளூவின் ஆவி படிந்து வெள்ளையாகத் தெரியும். இந்த வேதியியலைப் பட்டதாரி சீக்கிரம் பிடித்துக்கொள்வார். கண்ணைப் பழக்குவதுதான் கஷ்டம்.

வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது (இந்த இடங்களைத்தான் புள்ளி என்பார்கள்), இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை வரிகள் ஓடுகின்றன என்பதையெல்லாம் தடத்தில் குறிக்க வேண்டும். சந்தேக நபரின் ரேகையை அதுவரை பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால், அதில் இருக்கும் புள்ளியை மங்கலான தடத்திலும் கண் 'கண்டுபிடித்து'விடும். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது மாதிரி.

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தபோது நடந்தது இதுதான். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த தடத்தை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கணினியில் தேடியது. வந்த இருபது பேர் பட்டியலில் அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டின் பெயர் இருந்தது. அவருடையதுதான் என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். நீதிமன்றம் அமர்த்திய நிபுணரும் ஒத்துக்கொண்டார். ஸ்பெயின் போலீஸ் ஏற்கவில்லை. கடைசியில் அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று அவர்களே அடையாளம் கண்டார்கள். மேஃபீல்டின் ரேகையை வைத்துக்கொண்டு தடத்தில் புள்ளிகளைத் தேடியது தவறுக்கு ஒரு காரணம் என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. தடத்தை ஆராய்ந்து எழுதி வைத்த பிறகே ஒப்பிட வேண்டும் என்று எஃப்.பி.ஐ. நடைமுறையை மாற்றியது.

'ஒருவர் ரேகைபோல் இன்னொருவருக்கு இருக்காது' என்று நாம் சொல்வது விரலைப் பற்றி. நசுங்கிய தடத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தரவுத்தளம் பெருகப் பெருக, சம்பந்தமே இல்லாத ஒருவரின் ரேகை பார்வைக்கு நெருங்கி வரும் வாய்ப்பும் கூடும். 2022-இல் நாஃபிஸ் என்ற தேசிய விரல்ரேகைத் தரவுத்தளம் வந்த பிறகு இந்தியாவுக்கும் இது பொருந்தும்.

அனுபவம் மட்டும் காப்பாற்றாது. 2006-இல் ஆய்வாளர் இட்டியெல் டிரோர் குழுவினர், ஐந்து நிபுணர்களிடம் அவர்களே முன்பு 'பொருந்துகிறது' என்று முடிவு செய்த சோடிகளை, மேஃபீல்டு வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ரேகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று பேர் 'பொருந்தவில்லை' என்றார்கள், ஒருவர் முடிவு சொல்ல முடியாது என்றார், ஒரே ஒருவர்தான் பழைய முடிவிலேயே நின்றார்.

அதற்காக இந்தக் கலையே பொய் என்று கிளம்ப வேண்டாம். 2011-இல் வெளியான ஆய்வில் 169 நிபுணர்களைச் சோதித்தபோது, வேறு வேறு ஆட்களின் ரேகையை ஒன்று என்று சொன்ன தவறு 0.1 சதவீதம்தான். ஒரே ஆளின் ரேகையை 'வேறு' என்று தள்ளியது 7.5 சதவீதம். அதாவது பிழை நடந்தாலும் பெரும்பாலும் ஆளைத் தப்பவிடும் பக்கமே சாய்கிறது. என்னைக் கேட்டால், சாய வேண்டிய பக்கம் அதுதான்.

இந்தியாவில் மத்திய விரல்ரேகைக் கூடம் நடத்தும் அகில இந்தியத் தேர்வில் தேறியவர் நிபுணராகிறார். அப்புறம் நீதிமன்றக் கூண்டு. அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை புள்ளிகள் பொருந்தின என்பது இல்லை: சந்தேக நபரின் ரேகையைப் பார்ப்பதற்கு முன் எத்தனை புள்ளிகளைக் குறித்து வைத்திருந்தீர்கள்?