மருந்தா, வெற்று மருந்தா: சொரியாசிஸ் ஆய்வு ஒன்றின் உள்ளே

இட்டோலிசுமாப் என்ற மருந்து 2013-இல் இந்தியாவில் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு அனுமதி பெற்றது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் அதற்காக நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வில், அதாவது அனுமதிக்கு முன் மருந்தைப் பலரிடம் சோதிக்கும் கட்டத்தில், 225 நோயாளிகள் கலந்துகொண்டனர். ஐவரில் நால்வருக்கு மருந்தும், ஒருவருக்கு மருந்தே கலக்காத வெற்று மருந்தும் சிரை வழியாகச் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. ஏற்றிக்கொண்டவருக்கும் தெரியாது, அவர் தோலைப் பார்த்து மதிப்பெண் இட்ட மருத்துவருக்கும் தெரியாது.

உயிருள்ள செல்களில் தயாராகும் பயோலாஜிக் ஊசிகளின் விலைக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் களிம்போடு காலம் தள்ளுபவர்கள், இத்தகைய ஆய்வில் சேர்ந்தால் நல்ல மருந்து இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்பது மிக நியாயம். கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு விடை காணவே ஆய்வின் ஒவ்வொரு விதியும் வகுக்கப்படுகிறது. சேருபவருக்குச் சிகிச்சை கிடைப்பது அந்த விதிகள் இடம்தரும் அளவுக்குத்தான்.

வெற்று மருந்து எதற்கு? சொரியாசிஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய். இயல்பாக ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிரும் தோல் செல்கள், இந்நோயில் தடுப்பாற்றல் மண்டலத்தின் தவறான தூண்டுதலால் சில நாட்களிலேயே மேலே வந்து குவிகின்றன. மன அழுத்தமும் தொண்டைத் தொற்றும் குளிர்காலமும் அதை முடுக்கிவிடும், பிறகு அது ஓரளவு அடங்கவும் செய்யும். அடங்கியது மருந்தாலா, தானாகவா என்று பிரித்தறிய ஒப்பிடுவதற்கு ஒரு குழு வேண்டும். இட்டோலிசுமாப் ஆய்வின் 12-ஆம் வாரத்தில், நோயின் அளவு முக்கால் பங்கோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் மருந்து பெற்ற இரு குழுக்களில் 27.0, 36.4 விழுக்காடு, வெற்று மருந்துக் குழுவில் 2.3 விழுக்காடு. செக்குகினுமாப் என்ற மற்றொரு சொரியாசிஸ் ஊசிக்காக 738 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வொன்றில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 300 மில்லிகிராம் பெற்றவர்களில் 81.6 விழுக்காடு, வெற்று ஊசி பெற்றவர்களில் 4.5 விழுக்காடு.

இந்த ‘முக்கால் பங்கு’ எப்படி அளக்கப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பாசி (PASI) எனப்படும் மதிப்பெண் முறையில் உடல் தலை, கைகள், நடுவுடல், கால்கள் என நான்காகப் பிரிக்கப்படுகிறது. விரல்கள் சேர்ந்த உள்ளங்கையை உடல் பரப்பில் ஒரு விழுக்காடாகக் கொள்கிறார்கள். ஒருவரின் கால்களில் 14 உள்ளங்கை அளவுக்குத் திட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கால்கள் உடலில் 40 விழுக்காடு என்பதால், அவற்றில் 35 விழுக்காடு பாதிப்பு, அதாவது இம்முறையின் அட்டவணைப்படி பரப்புக்கு 3 மதிப்பெண். சிவப்புக்கு 3, தடிப்புக்கு 3, செதிலுக்கு 2, கூட்டினால் 8. அதை 3-ஆல் பெருக்கி, கால்களுக்குரிய 0.4-ஆல் மீண்டும் பெருக்கினால் 9.6. நான்கு பகுதிகளையும் இப்படிக் கூட்டினால் உச்ச அளவு 72. இதில் அரிப்புக்கும் நகத்துக்கும் இடமே இல்லை. கடுமையான நோய்க்கான ஆய்வுகள் பல 12-க்குக் குறையாத மதிப்பெண்ணும் 10 விழுக்காட்டுப் பரப்பும் கேட்கின்றன. உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் வெடித்து, வேலைக்கே போக முடியாதவர் இக்கணக்கில் வெளியே நின்றுவிடுகிறார். இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

தகுதி பெற்றவரும் முதலில் தாம் எடுத்துவரும் மருந்துகளை நிறுத்த வேண்டும். களிம்புக்குப் பொதுவாக இரண்டு வாரம், மாத்திரைகளுக்கு நான்கு வாரம், பயோலாஜிக் ஊசிகளுக்கு மாதக்கணக்கு. பழைய மருந்தின் தாக்கம் உடலில் நின்றால் புதியதன் பலனை அளக்க முடியாது என்பதே காரணம். அந்த இடைவெளியில் நோய் கிளம்பவும் கூடும். மறைந்திருக்கும் காசநோயைக் கண்டறியும் பரிசோதனையும் கட்டாயம். தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் சில, உறங்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடும் என்பதால் நம் நாட்டில் இது வெறும் சடங்கு அல்ல.

ஆய்வுகளில் வெளிப்படாத தீங்கு பின்னர் தெரியவருவதும் உண்டு. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபாலிசுமாப் என்ற சொரியாசிஸ் மருந்து, நீண்ட நாள் பயன்படுத்தியவர்களில் மிகச் சிலருக்கு உயிரைப் பறிக்கும் மூளைத் தொற்றை உண்டாக்கியதால் 2009-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வில் சேருபவரின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி ஆய்வு தொடங்க முடியாது. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். ஆய்வு முடிந்த பிறகு மருந்தை இலவசமாகத் தொடர்ந்து தர வேண்டும் என்ற விதியோ, வேறு சிகிச்சையே இல்லாத நோய்களைக் கருதி எழுதப்பட்டது. சொரியாசிஸுக்கு வேறு சிகிச்சைகள் இருப்பதால், அந்த விதியை நம்பி இருக்க முடியாது. இட்டோலிசுமாப் ஆய்வில் வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 12-ஆம் வாரத்துக்குப் பின் மருந்தே தரப்பட்டது போன்ற ஏற்பாடுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன், கடைசித் தவணைக்குப் பிறகு மருந்து தொடருமா, எத்தனை மாதம், யார் செலவில் என்று ஆய்வு மருத்துவரிடம் கேட்டு, அது படிவத்தில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.